செஞ்சாச்சு

அக்காவின் வாயிலிருந்து 'நான்' என்ற ஒரு சொல்லை வரவழைக்க நான் பட்ட பாட்டைக் கேட்டால், நியாயமாக எல்லாருக்கும் என்மேல்தான் இரக்கம் வரவேண்டும். வராது. அவள்மேல்தான் வரும். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. பர்மாவில், பழைய ரங்கூனான யாங்கோனில், கியாக்டடா வட்டாரத்தில், சூலே பகோடாவின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. ஒரு பக்கக் கதவு அவளுடையது, எதிர்க் கதவு எங்களுடையது. நான், என் மகள், அவ்வளவுதான் எங்கள் குடும்பம். அக்கா தனியாள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், கன்னத்தில் எப்போதும் தனகா மரப்பட்டையை அரைத்த பூச்சு. ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்து, ஆட்களைக் குறைத்தபோது வீட்டோடு வந்துவிட்டவள். தெருவில் பர்மாக்காரர்கள் 'மமா' என்பார்கள், தமிழர்கள் 'அக்கா' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பெயரை எழுதினால் நெளிவாள். அதனால் எழுதவில்லை.

அவள் பேச்சில் ஆள் இருக்காது, வேலை மட்டும்தான் இருக்கும். மாடிப்படியைக் கழுவியது யாருக்கா? "கழுவியாச்சு." மோட்டாரைப் போட்டது யாரு? "போட்டாச்சு." தமிழில் இப்படி ஒரு வசதி இருக்கிறது, செய்தவர் யாரென்று மூச்சுவிடாமலே வேலை முடிந்ததைச் சொல்லிவிடலாம். நாமெல்லாம் எப்போதாவது சொல்வோம். இவள் அந்த ஒரே விகுதியில் முழு வாழ்க்கையையும் ஓட்டினாள்.

யாங்கோனில் மாடி வீடுகளிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும். பேப்பர்காரர், காய்கறிக்காரம்மா யாராக இருந்தாலும் சாமானை அதில் மாட்டிவிட்டுக் குரல் கொடுத்தால் மேலே இழுத்துக்கொள்வோம். என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. நெபுலைசரில் ஊற்றும் மருந்து ஊரில் எங்குமே கிடைக்காத ஒரு சமயம். கடை கடையாக ஏறி இறங்கி, வெறுங்கையோடு வந்து தெருவில் நிற்கிறேன், என் கயிற்று நுனியில் அந்த மருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது. அழுதுவிட்டேன். அப்புறம் ஆத்திரம். யாருக்கு நன்றி சொல்வது? எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, மருந்து வாங்கி மாட்டினது நீதானே?"

"கெடைச்சிருச்சுல்ல? யாபாடே."

'யாபாடே' என்றால் பர்மியில் 'அட, பரவாயில்லை'. தமிழில் ஆச்சு, பர்மியில் யாபாடே. இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து அவளைப் பிடிக்க எமனாலும் முடியாது.

எங்கள் தொழில் தொடங்கியது இட்லி மாவில். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். வந்தவுடனே தெருவே "மீ லாபி!" என்று கத்தும். 'மின்சாரம் வந்துருச்சு' என்று அர்த்தம். எந்த நேரமானாலும் என் மகளும் பால்கனியில் நின்று கத்துவாள். அக்காவின் மாவு தினமும் புளித்துப் பொங்கி வழிந்தது. கீழே டீக்கடையில் ஜெனரேட்டர் இருந்தது, ஐஸ்பொட்டியில் இடமும் இருந்தது. மாவு அங்கே போனது. அடுத்து மூன்றாம் மாடி அம்மாவின் இன்சுலின் போனது, பிறகு ஒரு கைக்குழந்தைக்காரியின் பால். யாருடைய ஐஸ்பொட்டி இப்போது குளிராக இருக்கிறது, அதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று போனில் பார்க்கிற மாதிரி ஒரு ஆப் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் சும்மா சொன்னேன். மறுவாரம் என் போனை வாங்கி, எதையோ ஏற்றி, திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா இது?"

"நீ சொன்னது. செஞ்சாச்சு."

அதற்கு 'ஐஸ்பொட்டி' என்றே பெயர் வைத்தோம். அவள் ப்ரோகிராம் எழுதினாள், நான் கடைகடையாக நடந்தேன். மெழுகுவத்தி விற்பவர், மீன் கடைக்காரர், பீடாக்கடைக்காரர் என்று ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவரையும் விடவில்லை. கியாக்டடா முழுக்க முடித்து, ஆற்றைத் தாண்டி டாலா, வடக்கே மாவ்பி சந்தை வரைக்கும் போனேன். ஜனங்கள் நிஜமாகவே உபயோகித்தார்கள்.

அப்போதுதான் கனடாவின் அந்த விசாவைப் பற்றிப் படித்தேன். புதிதாக ஒரு தொழிலை உருவாக்கியவர்கள், அங்கே அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் ஆதரவுக் கடிதத்தை வாங்கி, இங்கிலீஷ் தேர்விலும் தேறினால், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டாளிகள் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு கண்டிஷன். யார் இல்லாவிட்டால் தொழிலே நின்றுபோகுமோ, அவரைக் கடிதத்தில் 'இன்றியமையாதவர்' என்று குறிப்பார்கள். அவருடைய விண்ணப்பம் கவிழ்ந்தால் எல்லாருடையதும் கவிழும். மற்றவருடையது கவிழ்ந்தால் அவரோடு போய்விடும். இதை அக்காவுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நறுக்கி முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கு இது உயிர்ப் பிரச்சினை. கரண்ட் இல்லாத நேரத்தில் மகளுக்கு மூச்சு முட்டினால், அவளைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி, ஜெனரேட்டர் இருக்கிற இடம் தேடி ஓடியிருக்கிறேன். கரண்ட் போகாத ஓர் ஊர் வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"பனி பாக்கணும் புள்ள. கரண்டே இல்லாம ஊரு பூரா குளுருமாமே. ஊரே ஒரு ஐஸ்பொட்டி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அவள் தனக்காக ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

கடிதம் தருவதற்கு முன்னால் நேர்காணல் உண்டு, சரி, அதற்கு இவளைத் தேற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். செவிடன் காதில் சங்கு ஊதுவது கூட இதைவிடச் சுலபம்.

"இந்த ப்ரோகிராமை யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்?"

"எழுதியாச்சுன்னு."

"ஐயோ! 'ஐ ரோட் இட்'. நான் எழுதினேன். சொல்லு."

"ஐ..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினாள். தண்ணீர் குடித்தாள். "நாக்கு கூசுது புள்ள. டீக்கடைக்காரவுக ஐஸ்பொட்டியைத் தொறந்துவிடலைன்னா ப்ரோகிராம வச்சு நாக்கு வழிக்கவா? அவுகளை விட்டுட்டு நான்... ஆனாடே."

'ஆனாடே' என்று பர்மியில் ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடமாகிவிடுமோ என்று மனசு பின்வாங்குவது. எல்லாருக்கும் அது கொஞ்சம் இருக்கும். ஊருக்கே பங்கிட்டுக் கொடுக்கிற அளவுக்கு அது இவள் ஒருத்தியிடம் இருந்தது.

"இப்ப 'நான்'னு சொன்னியே, அதே நான்தான்! அதை இங்கிலீஷ்ல சொல்லுக்கா!"

"சொல்லிட்டேனா?" என்று பதறினாள். அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

முதல் நேர்காணல் வீடியோவில் நடந்தது. கரண்ட் இருந்தது, இன்டர்நெட்டும் இருந்தது, இரண்டும் சேர்ந்து இருந்ததே பெரிய பாக்கியம். எதிரே கோட் போட்ட ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், இந்த மென்பொருளை எழுதியது யார் என்று. அக்கா தெளிவாக, நிதானமாக, "இட் இஸ் ரிட்டன், சார்" என்றாள். எழுதப்பட்டிருக்கிறதாம். அவர் மறுபடி கேட்டார். "இட் இஸ் ஆல்ரெடி டன், சார்." பிறகு, இதே மாதிரி வேறு யாராவது செய்கிறார்களா, அவர்களைவிட நீங்கள் எந்த விதத்தில் மேல் என்று கேட்டார். மாண்டலேயில் ஒரு பையன் செய்கிறான் என்றும், அது ரொம்ப வேகமாக இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்றும், தொடர்பு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னாள். நான் மேசைக்கடியில் என் தொடையையே கிள்ளிக்கொண்டேன்.

மென்பொருளை உண்மையில் உருவாக்கியவர் உங்கள் குழுவில் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அடிப்பாவி! ராத்திரி பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஆளைக் காணோம் என்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடி அம்மா மேலே ஏறி வந்துவிட்டார். மறுநாள் காலை என் வாசலில் ஒரு தூக்கில் இட்லியும் சட்னியும் இருந்தன. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியாதா?

அவள் தானாக 'நான்' என்று சொன்னதை அதற்குப் பிறகு டாலாவில் கேட்டேன். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் மளிகைக்கடை ஐஸ்பொட்டியில் இன்சுலின் வைத்திருந்தார். கடையின் ஜெனரேட்டர் கெட்டுப்போயிருக்கிறது, கடைக்காரர் அதை ஆப்பில் மாற்ற மறந்துவிட்டார். ஆப் 'குளிர்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. வீணாய்ப்போன மருந்தைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நல்ல வேளையாகப் பிழைத்து வந்தார். தப்பு கடைக்காரருடையது. அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு படகு ஏறி, இறங்கி, சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள். பர்மியில் பெரியவர்களிடம் பேசும்போது பெண்கள் தங்களை 'மகள்' என்றே சொல்லிக்கொள்ளலாம், அக்காவும் அப்படித்தான் தப்பித்துக்கொள்வாள். அன்றைக்கு 'ஜமா' என்றாள். 'நான்' என்று அர்த்தம். நான் செய்த தவறு, நான் யோசித்திருக்க வேண்டும், நான்தான் காரணம் என்று அடுக்கினாள்.

திரும்பி வரும் படகில் நான் வெடித்தேன். "கடைக்காரர் செஞ்ச தப்புக்கு நீ எதுக்குக்கா பொறுப்பெடுத்துக்கிற?"

"மனுசங்க மறப்பாங்கன்னு நான் நெனைச்சிருக்கணும் புள்ள. நான் நெனைக்கல. நான்தான் செஞ்சேன்."

சுத்தத் தமிழில், மூன்று தடவை. இத்தனை நாள் மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுத்தும் வராத சொல்! நல்லது என்றால் ஆச்சு, கெட்டது என்றால் நான். அவளுடைய இலக்கணம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது, பிடிபட்டு என்ன பிரயோஜனம்?

அதன் பிறகு, கடைக்காரர் அடிக்கடி ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் அந்தக் கடை தானாகவே பட்டியலிலிருந்து மறைந்துபோகிற மாதிரி மாற்றினாள். அதாவது, மாற்றியாச்சு.

இரண்டாவது நேர்காணல் வேறோர் அமைப்போடு. இந்தத் தடவை கேள்வி கேட்டது ஒரு பெண். உங்கள் தொழில் எப்போதாவது தோற்றிருக்கிறதா என்று ஆரம்பித்தார். போச்சுடா என்று நினைத்தேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐ, ஐ, ஐ என்று மடை திறந்தது. டாலா, இன்சுலின், தன் தப்பு, அதை எப்படிச் சரிசெய்தாள், ப்ரோகிராமில் எந்த இடத்தை மாற்றினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். மேசைக்கடியில் நான் உதைத்த உதை அவளுக்கு உறைக்கவே இல்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இவள்தான் இதைச் செய்தவள் என்று இந்தத் தடவை யாரும் சந்தேகப்படவில்லை.

சரி, தேறிவிட்டோம் என்று நான் மூச்சு விடும்போது கடைசிக் கேள்வி வந்தது. உங்கள் இருவரில் யார் இல்லாவிட்டால் இந்தக் கம்பெனி நின்றுபோகும்? இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தோம். பதில் ஒரே சொல். 'மீ'. பர்மியில் கரண்டுக்கும் மீ, இங்கிலீஷில் உனக்கும் மீ, மறக்கவே மறக்காது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். "ஷீ."

ப்ரோகிராமை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இத்தனை கடைக்காரர்கள் கதவைத் திறந்தது இவள் முகத்துக்காக, இவள் இல்லாவிட்டால் ஐஸ்பொட்டி வெறும் படம்தான் என்று இங்கிலீஷில் தடுக்காமல் சொன்னாள். இல்லை, இல்லை, இவள்தான் என்று நான் பதறினேன். அந்தப் பெண் சிரித்தார். என் பதற்றத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் ஆயுளில் என்னை அடக்கமானவள் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான்.

கடிதம் வந்தது. நான் இன்றியமையாதவள், அக்கா கூட்டாளி. "என்ன காரியம் பண்ணின?" என்று கேட்டேன். "கடிதம் வந்தாச்சுல்ல" என்றாள்.

அடுத்தது பாஸ்போர்ட். அங்கேதான் கதை மாறியது. அக்காவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பெயர் கருப்பையா. பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. அக்காவுக்கு அடையாள அட்டை எடுத்த காலத்தில், எழுதுகிறவர் வாயில் நுழையட்டும் என்று தெருவில் தன்னைக் கூப்பிடுகிற பர்மியப் பெயரைக் கொடுத்துவிட்டார், ஊ ப்யூ. 'ப்யூ' என்றால் வெள்ளை. ஒரு தாளில் கருப்பு, ஒரு தாளில் வெள்ளை, இரண்டு அப்பாக்களுக்கு ஒரு மகள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கூத்து உண்டு, அலைந்து திரிந்து ஒரு வழியாகச் சரிசெய்துகொள்வோம். அலைய வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், நான்தான் முதலில் வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அவள் சொல்வாளா? காலையில் போவாள், சாயங்காலம் வெறுங்கையோடு வருவாள். சந்தேகப்பட்டு ஒருநாள் பின்னாலேயே போனேன். ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே போனவள் வரிசையின் கடைசியில் நிற்கிறாள்!

"அந்தம்மா கைப்புள்ளையோட நின்னாக. அந்தப் பெரியவுகளுக்கு முழங்கால் வலியாம்."

"உனக்கு நாள் போகுதுக்கா! கடிதத்துக்குக் கெடு இருக்கு! உனக்குப் பனி பாக்க வேணாமா?" நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினேன். அன்று மனுவைக் கொடுத்தோம். அதற்கு மேல் எத்தனையோ கையெழுத்துகள் தேவைப்பட்டன. கெடு முடிந்தது, கருப்பையாவும் ஊ ப்யூவும் ஒருவராகவில்லை.

அவளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றேன். முதலும் கடைசியுமாக அன்று அவள் என்னை அதட்டினாள்.

"பாப்பா மூச்சுக்குத்தானே இவ்வளவும்? கெளம்பு புள்ள. பெட்டி கட்டியாச்சு."

நிஜமாகவே கட்டியிருந்தாள். மகளின் நெபுலைசரைத் துணி சுற்றி, மேலாக, எடுக்கத் தோதாக வைத்திருந்தாள்.

நாங்கள் இங்கே, கனடாவுக்கு, வந்துவிட்டோம். முதலில் வேலை அனுமதி, பிறகு நீண்ட காத்திருப்பு. போன வாரம் எனக்கும் மகளுக்கும் நிரந்தர வசிப்புரிமை வந்தது. கடித உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அன்றைக்கு அவள் 'மீ' என்று சொல்லியிருந்தால் இன்றியமையாதவள் அவளாகியிருப்பாள். அவள் விண்ணப்பம் நின்றுபோனதோடு என்னுடையதும் என் மகளுடையதும் சேர்ந்து நின்றிருக்கும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அந்தக் கண்டிஷனை அவள் இரண்டாவது தடவை கேட்டது நினைவுக்கு வந்தது. உடனே போன் போட்டேன்.

அங்கே சாயங்காலம், கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. வந்துவிட்டது என்று சொன்னேன். "வந்தாச்சா!" என்று கையைத் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே போனைத் திருப்பிப் பனியைக் காட்டினேன். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

"சத்தமே இல்லாம விழுது புள்ள."

நான் கத்தினேன். "அக்கா, ஒண்ணு கேக்குறேன், நேராப் பதில் சொல்லு. உன் கார்டுல அப்பா பேரு மாட்டிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதானே என்னைக் கை காட்டின?"

"அது எதுக்கு இப்ப? பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாச்சு. பேச்சை மாத்தாத. என் பேரை முன்னால போட்டது யாரு?"

"போட்டாச்சு புள்ள."

"யாருன்னு கேக்குறேன்! ஒரே ஒரு தடவை, 'நான்'னு சொல்லு. எனக்காகச் சொல்லுக்கா."

அவள் வாயைத் திறந்தாள். திறந்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்க "மீ லாபி!" என்று சத்தம் எழுந்தது. அவள் வீட்டு விளக்கு பளிச்சென்று எரிந்தது. தனகா பூசிய கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"மீ வந்தாச்சு, புள்ள. மாவு அரைக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.